அம்மாவின் கிடுகு

மே கடைசி. தாராவி வீட்டுக் கூரைக்கு நீலத் தாட்பத்ரி கட்டிக்கொண்டிருந்தேன். ஏணியைப் பிடித்திருந்த அம்மா, "ஊர்ல நாலு கிடுகு வேஞ்சா போதும்டா" என்றாள். ராமநாதபுரத்துக்காரி. முடைந்த தென்னங்கீற்று அவளுக்குக் கிடுகுதான்.

சங்கத் தமிழில் கிடுகு என்றால் கேடயம். தோல் என்றும் சொல்வார்கள். அது எதனால் செய்தது என்று பெயரே சொல்லிவிடுகிறது. கிடுகு அப்படி இல்லை. பட்டினப்பாலையில் பரதவர் குடிசைகள் வருகின்றன. குட்டைக் கூரையில் நீளமான தூண்டில் கோல்களைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தால், நடுகல்லைச் சுற்றிக் கிடுகுகளை நிரைத்து, வேல்களை ஊன்றிய அரண்போல இருக்கிறதாம். கூரையைச் சொல்ல வந்த இடத்தில் கேடயம்! அம்புக்கும் மழைக்கும் ஒரே சொல் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

இந்தத் தாட்பத்ரியும் லேசுப்பட்டதல்ல. டார்பாலினைத்தான் மராத்தியில் அப்படிச் சொல்கிறார்கள். 'தாட்' என்றால் பனை, 'பத்ர' என்றால் இலை; காதுக்குப் பனையோலை மாதிரியே கேட்கும்.

அம்மாவிடம் கேடயக் கதையைச் சொன்னேன். "சரி, அந்த மூலைய இழுத்துக் கட்டு, போன வருசம் அங்கதான் ஒழுகுச்சு" என்றாள்.