புர்கானா, பராபரனா?

சியோலில் தொங்தேமுன் பக்கம் மங்கோல் டவர் என்றே ஒரு கட்டடம் உண்டு, சுற்றுவட்டாரம் முழுக்க ரஷ்ய மொழிக்கும் மங்கோலியனுக்கும் பயன்படும் சிரிலிக் எழுத்தில் போர்டுகள். போன ஞாயிறு கூட வேலை செய்யும் கொரிய அண்ணன் என்னை ஒரு மங்கோலிய மொழி ஆராதனைக்கு இழுத்துக்கொண்டு போனார். நாற்பது பேர் இருக்கலாம், பாதிப் பேர் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள், பிரசங்கத்தில் தூங்கி வழிந்தார்கள், யாரும் எழுப்பவில்லை. அது எனக்குப் பிடித்தது.

அப்புறம் ஒரு அக்கா அரைகுறைக் கொரியனில் அவர்களின் பழைய பஞ்சாயத்தைச் சொன்னார். கடவுளை எப்படி அழைப்பது? 1990இல் வந்த புதிய ஏற்பாடு 'உலகத்தின் ஆண்டவர்' என்ற பொருளில் ஒரு தொடரைப் போட்டதாம், கடவுளுக்கு மங்கோலியனில் வழங்கும் புர்கான் என்ற சொல்லைப் போட்டால் புத்தர் நினைவு வருமே என்று. பின்னால் வந்த மொழிபெயர்ப்பு புர்கானையே எடுத்துக்கொண்டது. பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்த நம் பப்ரீசியுஸ் பராபரன் என்று எழுதி, பிறகு தேவன் வந்த கதைதான்!

இங்கே ஒரு சபை 1999இல் மங்கோலியப் பிள்ளைகளுக்குப் பள்ளியே தொடங்கியிருக்கிறது. கைப்பிரதி நீட்டுவதைவிட இதுதான் ஊழியம் என்பது என் கட்சி.

கடைசியில் டீ கொடுத்தார்கள். சர்க்கரை என்று நம்பி ஒரு மடக்கு இழுத்தேன், உப்பு!