பக்கற் மாவில் தவிட்டுப் பாண்: வன்னி வெக்கைக்கு ஏற்ற கணக்கு

பிறவுண் பாண் மிக்ஸ் என்று கடையில் கிடைக்கும் 500 கிராம் பக்கற்றின் முதுகில் இருக்கிற நேரக்கணக்கு பெரும்பாலும் குளிரான சமையலறைக்கு எழுதியது. "ஒரு மணித்தியாலம் பொங்க விடவும்" என்பதை வைகாசி மாதத்துக் கிளிநொச்சியில் அப்படியே கடைப்பிடித்தால் மா பொங்கி, புளித்து, தளர்ந்துவிடும். பாணின் நடு குழிந்துவிட்டது என்று மிக்ஸைக் குறை சொல்லுவோம். பிழை அநேகமாக வெக்கையிலும் தண்ணீரிலும்தான்.

வாங்கும்போதே உள்ளடக்கத்தை வாசியுங்கள். முழுக்கோதுமை மா முதலாவதாக இருக்க வேண்டும். கரமல் நிறம் சேர்த்துப் பழுப்பாக்கிய வெள்ளை மாவுக்கு அந்த விலை கொடுக்கத் தேவையில்லை. தகரக் கூரையின் கீழ் மாதக்கணக்கில் கிடந்த பக்கற்றில், திகதி முடியாவிட்டாலும் ஈஸ்ட் செத்திருக்கலாம். ஈஸ்ட் தனியாக வந்தால் ஒரு சிட்டிகை சீனியோடு கொஞ்சம் இளஞ்சூட்டு நீரில் கரைத்து வையுங்கள். பத்து நிமிடத்தில் நுரைக்காவிட்டால் வேறு வாங்குங்கள். அந்தத் தண்ணீரையும் மொத்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 7 கிராம் ஈஸ்ட் தந்திருந்தால் எங்கள் வெயிலுக்கு 5 கிராம் போதும். உப்பு மிக்ஸிலேயே இருக்கும், மேலதிகமாகப் போட வேண்டாம்.

500 கிராமுக்கு 310 முதல் 330 மி.லீ. வரை தண்ணீர் பிடிக்கும். பேணியால் அளக்காமல் தராசில் வைத்து நிறுங்கள். மத்தியானம் கறுப்புத் தாங்கியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் மாவுக்கு ஆகாது, அது கையே சுடுகிற சூடு. பானைத் தண்ணீர் எடுங்கள்; கடும் வெயிலென்றால் பிறிட்ஜ் தண்ணீரையும் கலக்கலாம். எங்கள் கிணறுகளில் சுண்ணாம்பு கூட, அது மாவை இறுக்கும். வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரில் அதே அளவு ஊற்றினால் மா கையில் ஒட்டிக்கொண்டு வரும், அதனால் 15 மி.லீ. குறைத்துத் தொடங்குங்கள்.

கலந்தவுடன் பிசையக் கூடாது. தவிடு மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். ஈரத்துணியால் மூடி இருபது நிமிடம் விடுங்கள். ஒட்டுகிறதே என்று இந்த இடத்தில் மா தூவுவதுதான் பாண் கல்லாவதற்கு முதற் காரணம். பிறகு ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். குரக்கன் மா சேர்க்க விரும்பினால் 50 கிராமுக்கு மேல் வேண்டாம். குரக்கனில் பசைப்புரதம் இல்லை, பொங்கியதைத் தாங்காது.

முதற் பொங்கலுக்கு மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். இரண்டு மடங்கை எட்டியதும் போதும். வெக்கை நாளில் நாற்பது நிமிடத்திலேயே எட்டிவிடும். காற்றை அமத்தி, உருட்டி, எண்ணெய் பூசிய ஆழமான பாண் தட்டில் வையுங்கள். இரண்டாவது பொங்கலில்தான் கவனம் வேண்டும். தட்டின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிற்கும்போதே ஓவனில் ஏற்றிவிடுங்கள். ஈரவிரலால் அமத்தினால் பள்ளம் மெல்ல நிரம்ப வேண்டும். நிரம்பாமல் அப்படியே கிடந்தால் நேரம் கடந்துவிட்டது. தவிட்டின் கூரான துகள்கள் பசையிழைகளை வெட்டுவதால் வெள்ளைப் பாண் போல இது அதிகம் பொங்கி நிற்காது, சூடு பட்டதும் அமுங்கும். நேரம் கடந்திருந்தால் ஓவனில் ஏற்றாமல் எடுத்து மறுபடி உருட்டிப் பொங்க விடுங்கள். கொஞ்சம் புளிப்பு இருக்கும், ஆனால் பாண் தப்பும்.

சின்ன மேசை ஓவனை 220 பாகை செல்சியஸில் இருபது நிமிடம் முன்சூடாக்கி, பாண் தட்டை ஓவனின் கீழடுக்கில் வையுங்கள். மேல்கம்பி கிட்ட இருப்பதால் பதினைந்து நிமிடத்தில் மேற்பக்கம் கறுக்கப் பார்க்கும். அப்போது அலுமினியத் தாளால் மூடி 190க்குக் குறைத்து இன்னும் இருபது நிமிடம் விடுங்கள். அடியில் தட்டினால் வெற்றுச் சத்தம் வர வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 95 பாகை காட்ட வேண்டும்.

கரண்ட் நம்ப முடியாத நாளில் விறகடுப்பு நல்லது. கனமான பெரிய சட்டியில் இரண்டங்குலம் மணல் பரப்பிச் சூடாக்கி, முக்காலி வைத்து, அதன்மேல் தட்டை வைத்து மூடுங்கள். மூடியில் சிரட்டைத் தணலைக் கூடவும் கீழே குறைவாகவும் வையுங்கள். அடி கருகுவதெல்லாம் கீழ்த்தணல் கூடியதால்தான்.

வெந்ததும் ஐந்து நிமிடத்துக்குள் தட்டிலிருந்து கழற்றிக் கம்பித்தட்டில் ஆற விடுங்கள். தட்டிலேயே விட்டால் அடி வியர்த்து நனையும். ஒரு மணித்தியாலம் போகமுன் வெட்டினால் உள்ளே களியாகத்தான் இருக்கும். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் மூன்றாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். அன்றைக்குச் சம்பலுக்கோ பருப்புக்கோ எடுத்தது போக மிச்சத்தைத் துண்டாக்கி உறைபெட்டியில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்து வாட்டுங்கள்.