எங்க அப்பா, நம்ம மேடம்

ஈரோடு, கோபி, பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழியில் வினையின் வாலில் மரியாதைக்கு ஒட்டும் ‘மாஸ்’ வடிவத்தை (இறந்த காலத்தில் ‘மாஷித்தா’) நான் விளக்குவதே இல்லை. “சாப்ட்டேனுங்க என்று சொல்கிறீர்களே, அந்த ‘ங்க’ யாருக்கு?” என்று மட்டும் கேட்பேன். சாப்பிட்டது நான். எனக்கு நானே மரியாதை கொடுத்துக்கொள்ள மாட்டேன். அப்படியானால் அது எதிரே நிற்பவருக்குப் போகிற மரியாதை. ‘தபெமாஷித்தா’ என்பதும் அதுதான், சாப்ட்டேனுங்க. “பையன் வந்துட்டானுங்க” என்கிறோம். வந்த பையனுக்கு ‘ஆன்’, கேட்கிறவருக்கு ‘ங்க’. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கு ஒரு கணக்கு, யாரிடம் பேசுகிறோமோ அவருக்கு வேறு கணக்கு. ஜப்பானிய மரியாதை மொழியின் பாதி இதற்குள் அடங்கிவிடுகிறது. சென்னைப் பிள்ளைகளுக்குத்தான் இரண்டு வகுப்பு கூடுதலாக வேண்டியிருக்கிறது.

இந்த ‘ங்க’ இன்னொரு பிழையிலிருந்தும் காப்பாற்றுகிறது. “நேற்று வாங்கிய புத்தகம்” என்பதை ‘கினோ கைமாஷித்தா ஹோன்’ என்று எழுதாத முதலாண்டு மாணவர் கிடையாது. மரியாதையாக இருக்கட்டுமே என்று நடுவிலும் ஒரு மாஸ். “நேத்து வாங்குன புக்குங்க என்றுதானே சொல்வோம் கண்ணு? வாங்குனேனுங்க புக்கு என்று எந்த ஊரில் சொல்கிறார்கள்?” என்பேன். வகுப்பு சிரிக்கும். ‘கினோ கத்தா ஹோன் தெஸ்.’ மரியாதை, இங்கே அந்த ‘தெஸ்’, வாக்கியத்தின் வாலில் மட்டும். அதன்பின் அந்தப் பிழை குறைந்துவிடும்.

(ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். எந்த ‘க’ எந்த ‘த’ என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். வானிலைக்கு ‘தெங்கி’, மின்சாரத்துக்கும் ‘தெங்கி’ என்று எழுதிவைத்துக்கொண்டு படிக்கிற கூட்டத்தோடு தினமும் மல்லுக்கட்டுவது வேறு கதை.)

இலக்கணத்தின் மற்ற பாகங்களில் எனக்கு அதிக வேலை இல்லை. வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். ‘தே’ வடிவம் நம் வினையெச்சம். சாப்பிட்டுப் பார், வாங்கி வை, மறந்து விட்டேன் எல்லாவற்றுக்கும் அங்கே நேர் இணை உண்டு. ‘மிரு’ என்றால் பார், ‘ஒகு’ என்றால் வை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்லும் ‘இத்தே கிமாஸ்’ அப்படியே போயிட்டு வரேன். ஆங்கிலக் குறிப்பை வைத்துக்கொண்டு இதையெல்லாம் ஒரு வாரம் மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இரண்டு மொழிக்கும் உறவு உண்டா மேடம் என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். ஜப்பானிய மொழி அறிஞர் ஓனோ சுசுமு அப்படி வாதாடினார், பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. வகுப்புக்கு அந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை.

சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. ஜப்பானிய வினைக்கு ஆளைக் காட்டும் விகுதி கிடையாது. வந்தேன், வந்தாய், வந்தார் மூன்றுக்கும் ‘கிமாஷித்தா’. கேரளத்துப் பிள்ளைகள் இதைக் கண்டுகொள்வதே இல்லை, மலையாள வினைக்கும் விகுதி இல்லையே. தமிழ்ப் பிள்ளைகள்தான் தவிப்பார்கள். யார் வந்தது என்று தெரியாமல் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘வதாஷி’, ‘அனதா’ என்று நான், நீ போட்டு நிரப்புவார்கள். “சென்செய், அனதா வா...” என்று என்னிடமே ஆரம்பிப்பார்கள். ஆசிரியரை ‘அனதா’ என்று அங்கே யாரும் அழைக்க மாட்டார்கள்.

அப்போதுதான் மரியாதை வினைகளை எடுப்பேன். சாப்பிடுவதற்கு உயர்த்திச் சொல்வது ‘மெஷியகாரு’, தாழ்த்திச் சொல்வது ‘இதடகு’. ‘மெஷியகாரிமாஸ்கா’ என்று கேட்டால் ‘நீங்கள்’ என்று சொல்லவே வேண்டாம். என்னைப் பற்றி நானே அப்படிக் கேட்க முடியாது. ‘இதடகிமாஸ்’ என்றால் சாப்பிடுவது நான்தான். ‘மாய்ரிமாஸ்’ என்றால் வருவது நான், ‘இரஷ்ஷாய்மாஸ்கா’ என்றால் வருவது நீங்கள். நமக்கு ‘ஏன்’, ‘ஈர்கள்’ விகுதிகள் செய்கிற வேலையை அங்கே இந்த வினைகள் செய்கின்றன. கெய்கோ என்கிற மரியாதை மொழியை வாக்கியத்துக்குப் போடுகிற நகையாகப் பார்த்தால் அது ஒரு நீண்ட பட்டியல், அவ்வளவுதான். காணாமல் போன விகுதி இங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால், தமிழ்க் காதுக்கு அது தேவையாகிவிடுகிறது. தேவையானதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

ஜப்பானிய அரசின் மொழிக் குழு 1952-இல், இனி பேச்சு ‘தெஸ்’, ‘மாஸ்’ அடிப்படையில் எளிமையாக இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. 2007-இல் வந்த வழிகாட்டி, அதுவரை மூன்றாகச் சொல்லப்பட்ட கெய்கோவை ஐந்தாகப் பிரித்தது. ஐந்தையும் கரும்பலகையில் எழுதிப் போடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. ஆராய்ச்சிக்கு அந்தப் பிரிவு நல்லது. இருபது வயதுப் பிள்ளைக்கு உயர்த்துவது எது, தாழ்த்துவது எது என்ற இரண்டு போதும்.

இந்த இடம் வரை தமிழ் கூடவே வரும். “காபி குடிக்கிறீங்களா மேடம்?” என்பதை அப்படியே போட்டால் ‘நோமிமாஸ்கா’, சரியான ஜப்பானியம். ஆங்கிலத்தில் யோசித்து ‘நோமிதாய் தெஸ்கா’ என்று, குடிக்க ஆசையா என்று பெரியவர்களைக் கேட்கிற பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் “பையை நான் எடுத்துத் தரேன் மேடம்” என்பதை நேராக மாற்றினால் ‘மொத்தே அகெமாஸ்’. நம் ஊரில் அது பணிவு. அங்கே அது உங்களுக்கு ஒரு உபகாரம் செய்கிறேன் என்று சொல்லிக் காட்டுவது. ‘ஒமோச்சி ஷிமாஸ்’ என்றால்தான் பணிவு.

வா, போ விஷயமும் இப்படித்தான். தன்னிடமும் முன்னிலையிடமும் வருவதற்கு வா, தா. படர்க்கைக்குச் செல், கொடு என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்து வைத்திருக்கிறார். அதனால்தான் போனில் “இதோ உங்க வீட்டுக்கு வரேன்” என்கிறோம். ஜப்பானியர் “இதோ போகிறேன்” என்பார். அவருடைய ‘வா’ பேசுகிறவர் இருக்கும் இடத்தை நோக்கி மட்டும். கொடுப்பதிலும் ‘குரேரு’ என்றால் எனக்குத் தருவது, ‘அகெரு’ என்றால் பிறருக்குக் கொடுப்பது. முன்னிலையும் அங்கே பிறர்தான். குழம்பினால் ‘மாய்ரிமாஸ்’ சொல்லித் தப்பித்துக்கொள் என்று பிள்ளைகளுக்குக் கள்ள வழி ஒன்றும் காட்டியிருக்கிறேன். வருவதும் போவதும் இரண்டுமே அந்தத் தாழ்மைச் சொல்லுக்குள் இருக்கின்றன.

குரேருவில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். என் தங்கைக்கு யாராவது பேனா கொடுத்தால் அதுவும் ‘குரேரு’தான். எனக்கு வந்த மாதிரி. அங்கே ‘நான்’ என்பது என் தோலோடு முடிகிற விஷயமில்லை. தங்கை, அப்பா, நான் வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளி வரை அதற்குள் வந்துவிடுவார்கள், எதிரே நிற்பவர் வெளியாளாக இருக்கும்போது. வெளியாளிடம் அப்பாவைப் பற்றிப் பேசினால் உயர்த்தக் கூடாது, தாழ்த்த வேண்டும். ‘ஒதோசான் இரஷ்ஷாய்மாஷித்தா’, அப்பா வந்தாங்க, என்றால் சின்னப் பிள்ளைப் பேச்சு. வெளியாரிடம் அப்பாவைச் சொல்லும் சொல்லே ‘சிச்சி’. அந்தச் சொல் வந்ததும் வகுப்பில் எழும் சிரிப்பை அடக்க ஐந்து நிமிடம் ஆகும்.

சிரிப்பு அடங்கியதும் யாராவது ஒரு பெண் கேட்பாள், “அப்பாவை எப்படி மேடம் ‘வந்தான்’னு சொல்றது?” நியாயமான கேள்வி. நம் மரியாதை ஆளைப் பொறுத்தது. யாரிடம் பேசினாலும் அப்பா ‘வந்தாங்க’தான். முதலமைச்சரிடம் பேசினாலும் மாறாது. ஆனால் அது ‘வந்தான்’ இல்லை கண்ணு, அது ‘வந்தேன்’. வெளியாள் முன்னால் அப்பாவும் உன் தன்மைக்குள் வந்துவிட்டார், உனக்கு நீயே மரியாதை போட்டுக்கொள்வாயா?

இதற்கு நான் வைத்திருக்கும் கருவி ‘எங்க’வும் ‘நம்ம’வும். ஒற்றைப் பிள்ளைகூட “எங்கப்பா” என்றுதான் சொல்கிறது. கேட்கிறவரைச் சேர்க்காத எங்க. ஒருவருக்கு முன்னால் ‘எங்க’ போட முடிந்தால் தாழ்த்து. ‘நம்ம’ வந்தால் உயர்த்து. தோழியிடம் “நம்ம மேடம் வந்துட்டாங்க” என்றால் ‘இரஷ்ஷாய்மாஷித்தா’. வாடிக்கையாளரிடம் “எங்க மேனேஜர் வருவார்” என்றால் ‘மாய்ரிமாஸ்’, பெயருக்குப் பின்னால் மரியாதைக்குச் சேர்க்கும் ‘சான்’ கூடக் கிடையாது. மேனேஜரின் மனைவியே போன் செய்தால்? அவர் ‘உங்க’ ஆள், எனவே மறுபடி உயர்த்து. இந்த விதிவிலக்குகூட அந்தக் கருவிக்குள் சரியாக உட்கார்கிறது. ஆங்கில வழியில் நடத்தினால் இது கிடைக்காது, அதில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

எங்கள் பாடப்புத்தகத்தில் மொத்தம் 50 பாடம். உயர்த்துவதும் தாழ்த்துவதும் 49, 50-இல் வருகின்றன. அதற்குள் பிள்ளைகள் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போய்விடுவார்கள். ஜூலை, டிசம்பரில் நடக்கும் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்விலோ பேச்சுப் பகுதியே இல்லை, அதன் உயர்நிலைகளில் ஒன்றான என்2 சான்றிதழ் வாங்கியும் போனை எடுக்கப் பயப்படுகிறார்கள். அதனால் நான் மரியாதை வினைகளில் நாலைந்தை முதல் பருவத்திலேயே எடுத்துவிடுகிறேன். போன் நாடகமும் உண்டு. இருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டும், ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் அலுவலகம். ‘தனாகா’ என்ற மேனேஜர் இருக்கையில் இல்லை என்று சான் போடாமல் சொல்லிவிட்டால் பாதி மதிப்பெண் வந்துவிடும். சொல்லவே வாய் வராது நம் பிள்ளைகளுக்கு.

அங்கே வேலைக்குப் போன மாணவன் ஒருவன் சொன்ன கூத்து இது. அங்கே குடும்பப் பெயரால்தான் அழைப்பார்கள். நமக்கு அது இல்லை, படிவத்தில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதுகிறோம். சுப்பிரமணியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் முழுக்க அவனைச் ‘சுப்பிரமணியம் சான்’ என்கிறது. வாடிக்கையாளர் போன் வந்தால், விதிப்படி சானும் போய்விடுகிறது. “சுப்பிரமணியம் இப்போது இருக்கையில் இல்லை.” வீட்டுக்கு போன் பண்ணும்போது அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். “நான் எங்கடா போனேன், திண்ணையிலதான் உக்காந்திருக்கேன்” என்றாராம்.

இப்போது முதல் பாடத்தின் அறிமுக வாக்கியங்களோடு ‘கார்த்திக் தோ யோந்தே குதசாய்’, கார்த்திக் என்று கூப்பிடுங்கள், என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். வேலையில் சேரும் முதல் நாளே அதைச் சொல்லிவிட வேண்டும். பெயர் அட்டை அச்சடித்த பிறகு மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு வேறு கெய்கோ வேண்டும், அது 50 பாடத்திலும் இல்லை.