பருப்பைக் குறைத்த அந்த ஐந்து மாதங்கள்

போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு என் கணவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் ஓவர்டைம் நின்றுபோனது. மாதம் நாலாயிரம் ரூபாய் குறைந்தது. வாடகையில் கைவைக்க முடியாது. மகளின் டியூஷன் ஃபீஸிலும், அத்தையின் பிரஷர் மாத்திரையிலும் முடியாது. மிச்சம் இருந்தது அடுப்படிதான். நாங்கள் இருவர், அத்தை, எட்டாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன் என வீட்டில் ஐந்து பேர். சாப்பாட்டுச் செலவு மாதம் ஆறாயிரத்துக்கு மேல் போகக்கூடாது என்று முடிவு செய்தேன்.

முதலில் நான் குறைத்தது பருப்பு. சாம்பாருக்கு ஒரு டம்ளர் போட்ட இடத்தில் அரை டம்ளர் போட்டு, தண்ணியாகத் தெரியாமலிருக்க அரிசி மாவைக் கரைத்து விட்டேன். பார்வைக்குக் கெட்டியாகத்தான் இருந்தது. அடுத்தது முட்டை. அதை வாங்குவதையே நிறுத்திவிட்டேன். பிஸ்கட்டும் காராச்சேவும் நூடுல்ஸும் நிற்கவில்லை. அவை நின்றால் பிள்ளைகள் கேட்பார்கள். பருப்பு ஏன் குறைந்தது என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை.

ஜூன் மாதம் பள்ளியில் ரத்தப் பரிசோதனை நடந்தது. மகளுக்கு ஹீமோகுளோபின் 9.4. அவள் வயதுக்கு 12 இருக்க வேண்டுமாம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்னபோதெல்லாம் ஃபோனைப் பார்த்துக்கொண்டு சரியாகத் தூங்குவதில்லை என்று திட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி: "நேத்து காலையிலிருந்து என்னம்மா சாப்பிட்டே?" காலையில் தோசை, மதியம் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும், ராத்திரி மறுபடி தோசை. அவள் சொல்லச் சொல்ல எனக்கே விளங்கிவிட்டது. மூன்று வேளையும் அரிசிதான்.

வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டை எடுத்தேன். பருப்பிலும் முட்டையிலும் நான் மிச்சம் பிடித்தது மாதம் 555 ரூபாய். அதே மாதம் பிஸ்கட் 320, காராச்சேவு 280, நூடுல்ஸ் 240, கூல்டிரிங்ஸ் 180, ஞாயிற்றுக்கிழமை பரோட்டா 400. மொத்தம் 1,420. பணம் இல்லாமல் இல்லை. தப்பான இடத்தில் வெட்டியிருக்கிறேன்.

இப்போது மாதச் சாமான் எழுதும்போது முதல் வரியே பயறு, பருப்பு, முட்டைதான். அதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்த பிறகே மற்றதெல்லாம். எங்கள் ரேஷன் கார்டுக்கு 20 கிலோ அரிசி இலவசம். துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ரேஷன் புழுங்கலரிசி சோற்றுக்குப் பிடிக்காதவர்கள் இட்லிக்குப் போடுங்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். இட்லி பூவாக வரும். மற்ற பயறுகளை மாதம் ஒரு தடவை இங்கே மதுரையில் கீழமாசி வீதிக்குப் போய் மொத்தமாக வாங்கிவிடுகிறேன். பாசிப்பயறு, தட்டாம்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு.

இதில் எனக்குக் கைகொடுத்தது கொள்ளுதான். துவரம் பருப்புக்குச் சமமாகப் புரதம் உண்டு, விலை குறைவு. ஆனால் வாடை பிடிக்கவில்லை என்று மகள் தட்டை நகர்த்திவிட்டாள். அத்தை சொன்ன பக்குவம் இது. ஊறப்போடுவதற்கு முன் வெறும் சட்டியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். முதலில் பச்சை வாடை வரும். விடாமல் கிளறிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் படபடவென்று பொரிந்து, வறுத்த நிலக்கடலை மாதிரி மணம் மாறும். அப்போது இறக்கிவிட வேண்டும். ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் தண்ணீர் தாராளமாக விட்டுக் குக்கரில் ஆறேழு விசில். வடித்த தண்ணீரில் புளி, பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப்போட்டால் ரசம். வெந்த கொள்ளில் பாதியைச் சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாயோடு தாளித்துக் கடைந்தால் மசியல், மீதி சாயங்காலச் சுண்டல். ஒரு டம்ளர் கொள்ளில் ஐந்து பேருக்கு மூன்று பண்டம். காராச்சேவு இருந்த டப்பாவில் இப்போது வறுத்த கடலையும் பொட்டுக்கடலையும் இருக்கின்றன.

காய் வாங்குவது சனிக்கிழமை, அண்ணா நகர் உழவர் சந்தையில். தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை இதுதான், 1999-இல் திறந்தது. போனதும் விலைப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நடப்பேன். அன்றைக்கு எது மலிவோ அதுதான் அந்த வாரக் குழம்பு. வீட்டில் சமையலை முடிவு செய்துகொண்டு சந்தைக்குப் போனால் காசு நிற்காது. கீரை விடிகாலையில் நன்றாக இருக்கும். கத்தரி, வெண்டையெல்லாம் ஒன்பது மணிக்கு மேல் கொஞ்சம் இறங்கிக் கொடுப்பார்கள், நாலு அழுகலைப் பொறுக்கிப் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். முருங்கைக்கீரைக்குக் காசே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா மரத்தில் ஒடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். டி.வி. பார்த்துக்கொண்டே அத்தை உருவிவிடுவார். அடை மாவில் இரண்டு கை அள்ளிப் போட்டால் மகன் கண்டுகொள்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகன் படிக்கும் மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவு உண்டு, மதியம் சத்துணவில் முட்டையும் உண்டு. மகளுக்கும் பள்ளியில் சத்துணவு உண்டு. ஆனால் தோழிகள் எல்லோரும் டிபன் பாக்ஸ் கொண்டுவருகிறார்கள் என்று அவள் வாங்காமல் இருந்தாள். நானும் கௌரவம் பார்த்து விட்டுவிட்டேன். வாரம் ஐந்து முட்டை! இப்போது அவளும் இரண்டு தோழிகளும் சேர்ந்தே போய் வாங்கிக்கொள்கிறார்கள். சாப்பிட்டதும் டீ குடிக்கும் பழக்கத்தையும் நிறுத்தினோம், இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள டீ விடாதாம். கீரை வைக்கும் நாளில் எலுமிச்சையோ நெல்லிக்காய்த் துவையலோ கூட இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பரோட்டா மாதம் ஒரு தடவை ஆகிவிட்டது. அதை முழுசாக நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. மற்ற வாரங்களில் மத்தி மீனோ நெத்திலிக் கருவாடோ. நூறு கிராம் நெத்திலியும் நாலு கத்தரிக்காயும் போட்டால் குழம்பு தெருவுக்கே மணக்கும்.

பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் விடாமல் போட்டாள். இந்த ஜனவரியில் மறுபடி ரத்தம் பார்த்தோம். 11.3. இன்னும் 12 ஆகவில்லை. ஓவர்டைமும் இன்னும் வரவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை. அடுப்பில் கொள்ளு பொரிகிறது. மகள்தான் கிளறிக்கொண்டிருக்கிறாள், மணம் மாறிவிட்டதா என்று இரண்டாவது தடவையாகக் கூப்பிடுகிறாள்.