குப்பைமேட்டுக்கு அடியில ஒரு ஓடை

பதினாலு மாசம் சேலத்துல ஒரு பழைய குப்பைமேட்டுல சைட் இன்ஜினியரா இருந்தேன். எந்த இடம், எந்த கம்பெனின்னு சொல்லல, ஊருக்கு கிழக்கால ஒரு ஏரிக்கு மேல இருக்குற இடம், அவ்வளவு போதும். முப்பது வருஷ குப்பை. அதை பயோமைனிங் பண்ணி காலி பண்ணிட்டு கடைங்களும் ஒரு கல்யாண மண்டபமும் கட்டணும்னு ப்ளான்.

பயோமைனிங்னா பலபேருக்கு என்னமோ பெரிய டெக்னாலஜின்னு நெனப்பு, ஆனா வேலை இதுதான்: பொக்லைன் வச்சு குப்பைய கிளறி, ஆளு உயரத்துக்கு நீள நீளமா குமிச்சு, நுண்ணுயிர் கரைசல் தெளிச்சு, வாரத்துக்கு ஒருதடவ புரட்டிப்போட்டு, சூடு அடங்கினதும் ட்ராம்மெல்ல, அதாவது சுத்துற பெரிய உருளை சல்லடையில, போட்டு சலிக்கிறது. மண்ணு தனி, கல்லு தனி, எரிக்கிற மாதிரி பிளாஸ்டிக் தனியா சிமெண்ட் ஃபேக்டரிக்கு லாரியில போகும். எங்க சைட்ல பெரிய தொல்லை தறி நூலுதான். சேலத்துல தறி இல்லாத தெரு கம்மி, அந்த கழிவு நூலெல்லாம் ட்ராம்மெல் சல்லடையில சுத்திக்கும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ மிஷின நிறுத்திட்டு பசங்க உள்ள போய் அருவாளால அறுத்து அறுத்து எடுப்பாங்க. வெளிய வர்றப்ப கை முழுக்க கலர் கலரா நூல், இன்னும் சாயம் போகாம இருக்கும்.

பாதி இடத்தைத்தான் இப்படி கிளறி எடுக்க பணம் இருந்துச்சு, மீதிய ஷீட்டும் மண்ணும் போட்டு மூடிட்டாங்க. சிக்கலே அங்கதான். அப்ப இருந்த 2016 திடக்கழிவு விதிகள் தெளிவா சொல்லுச்சு, மூடின குப்பைமேட்ட 15 வருஷம் கண்காணிக்கணும், அதுக்கு அப்புறமும் கேஸு, குப்பையிலருந்து ஊறி வர்ற கசிவுத் தண்ணி, மண்ணோட உறுதி எல்லாம் சரியா இருந்தாத்தான் மனுஷங்க குடியிருக்குற மாதிரியோ வேற எதுக்குமோ யோசிக்கலாம்னு. மூடின பக்கத்துல குப்பை மக்கி வர்ற மீத்தேன் கேஸ் அங்கயே நிக்காது, மண்ணுக்குள்ளயே ஊர்ந்து பக்கத்து இடத்துக்கு வரும். காத்துல 5 சதவீதத்துலருந்து 15 சதவீதம் வரைக்கும் கலந்திருந்தா ஒரு தீப்பொறி போதும். மண்டபம்னா சமையக்கட்டு இருக்கும், அடுப்பு எரியும், ஐநூறு பேர் சாப்பிடுவாங்க. எனக்கு அத நெனச்சாலே தூக்கம் வராது.

அந்த கல்லு கண்ணுல பட்டது ஏழாவது மாசம். கிழக்கு ஓரத்துல தரைக்கு மேல முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகைக்கல், மஞ்சள் பூசியிருந்துச்சு. டிராயிங்ல "ரிமூவ்"னு ஒரே வார்த்தை. ஜேசிபிகாரர் பக்கெட்ட இறக்கப் போனப்ப, ஆடு மேச்சுக்கிட்டிருந்த ஒரு ஆயா ஓடிவந்து முன்னாடி நின்னுட்டாங்க.

"கண்ணு, அது வேடியப்பன். மாடு புடிக்க வந்தவன்கிட்ட சண்ட போட்டு செத்தவரு. நான் கட்டிக்கிட்டு வந்தப்ப எம் மாரு உசரத்துக்கு நின்னுச்சு, பக்கத்துல ஓடையில எரும தண்ணி குடிக்கும்."

நடுகல்லுன்னு எனக்கு உடனே புரிஞ்சுது, எங்கம்மா ஊரு ஏற்காடு அடிவாரம். சேர்வராயன் மலையில வழவழன்னு இருக்குற கற்காலக் கோடாரிய சின்ன கோயில்ல சாமியா வச்சு கும்பிடுவாங்க, அதப் பார்த்து வளந்தவன் நான். ஆனா சட்டம் இதுக்கு பெருசா உதவாது. 100 மீட்டருக்குள்ள கட்டக்கூடாது, அதத்தாண்டி இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணுங்கிறது மத்திய அரசு பட்டியல்ல இருக்குற சின்னங்களுக்குத்தான், இந்த கல்லு எந்த பட்டியல்லயும் இல்ல.

என்னைய அசைச்சது வேற, அந்த ஓடை. எங்க எந்த டிராயிங்லயும் ஓடையே கிடையாது. ஆயா மாரு உயரம்னா நாலடி, இப்ப தெரியறது ஒன்றரை அடி, அப்ப கல்லோட அடி எங்க இருக்கோ அதுதான் பழைய தரை, அதுக்கு மேல கிடக்குறதெல்லாம் குப்பை. மறுநாள் மிஷின் வேண்டாம்னு சொல்லிட்டு நாலு ஆளுங்கள வச்சு மம்முட்டியில கல்ல சுத்தி தோண்டினோம். ரெண்டரை அடியில செம்மண்ணு வந்துச்சு. கல்லோட கீழ்ப்பாதியில ஒரு ஆளு, கையில வில்லு, காலுக்கிட்ட மாடு. பதினஞ்சடி தள்ளி இன்னொரு குழி போட்டோம், அங்க செம்மண்ணு வரவேயில்ல, ஏழடிக்கு கீழ மணலும் டிகாஷன் மாதிரி தண்ணியும் ஊறி ஊறி ஏரிப்பக்கமா போய்க்கிட்டிருந்துச்சு. அதுதான் ஆயா சொன்ன ஓடை, மண்டபத்தோட ஃபவுண்டேஷன் சரியா அதுக்கு மேலதான் வந்திருக்கும்.

ஆபீஸ்ல ஒரு பெரியவர் "கல்ல தூக்கி வேற எடத்துல வச்சு ஒரு பூஜ போட்ருப்பா, டேட் போகுது"ன்னார். நான் ஒத்துக்கல. போட்டோ, லெவல், தண்ணி சாம்பிள் ரிப்போர்ட் எல்லாத்தையும் சேத்து மூணு தடவ எழுதிக் குடுத்தேன், தொல்லியல் துறைக்கும் தகவல் குடுத்தோம். நாலு மாசம் இழுத்துச்சு, அதுல சில பேர் எங்கிட்ட பேசறதையே நிறுத்திட்டாங்க, அது இன்னும் மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கு. கடைசியில மண்டபம் போச்சு, கடைங்க மட்டும் ரோட்டு ஓரமா, கேஸ் உள்ள தங்காத மாதிரி அடியில காத்துப் போக வழி வச்சு, ஒரே மாடியோட. ஓடைய தொறந்துவிட்டு, கசிவுத் தண்ணிய தனியா தொட்டியில புடிக்கிறோம்.

கல்லு நின்ன எடத்துலயே நிக்குது, சுத்தி படி வச்ச சின்ன பள்ளம். ஆயா இறங்கி எண்ண வைக்கிறாங்க. அவங்க வீட்டு போர் தண்ணில மட்டும் குப்பைத்தண்ணி வாடை இன்னும் போகல, கேன் தண்ணிதான் வாங்கறாங்க. இப்ப நான் வேற சைட்டுக்கு வந்துட்டேன், ஆனா மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம அங்க போய் அந்த போர்ல ஒரு பாட்டில் புடிச்சு லேபுக்கு குடுத்துட்டு வர்றேன்.