கேரவனின் முன்கண்ணாடியும் முக்கால் இஞ்ச் ஜல்லியும்

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை. வாலாஜாபாத் பக்கம் ஏரிக்கரையில் ஓர் இரவு தங்கிவிட்டு வண்டலூர் நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரகடம் நெருங்கும்போது பின்னால் ‘டப்’ என்று ஒரு சத்தம். டயர் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஓரம்கட்டி இறங்கிப் பார்த்தால் டயர்கள் எல்லாம் நன்றாக இருந்தன. கேரவனின் முன்கண்ணாடிதான் இல்லை. நாலடி அகலம், இரண்டடி உயரம் உள்ள அந்தக் கண்ணாடி மொத்தமும் கற்கண்டுத் துண்டுகளாகப் படுக்கை மேலும், தரையிலும், என் மனைவி தைத்து மாட்டியிருந்த திரைச்சீலையின் மடிப்புகளிலும் சிதறிக் கிடந்தது. அவற்றை அள்ளியபோது நடுவில் ஒரே ஒரு ஜல்லி கிடைத்தது. வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 14 கிராம்.

கேரவன் என்றதும் படப்பிடிப்புக்கு வரும் பெரிய வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது என் பொலிரோவின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சின்ன வீடு. இரண்டு பேர் படுக்கலாம், ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சொல்லிக் கட்டியது. படுத்தபடியே விடியலைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு முன்பக்கம் பெரிய கண்ணாடி வைக்கச் சொன்னவன் நான்தான். அந்த ஆசையை விட்டுவிட்டுத் தகரம் அடித்து மூடிவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கண்ணாடியைக் காப்பாற்ற இந்த ஆறு மாதமாகச் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண்ணாடி ஏன் அப்படி மொத்தமாகக் கொட்டியது என்று புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பஸ்ஸின் பக்கவாட்டில் போடும் டஃபண்ட் கண்ணாடியையே எனக்கும் போட்டிருந்தார்கள். இந்தக் கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைப்பதால் மேல்தோல் இறுகிப்போய் நிற்கும். கையால் குத்தினாலும், பந்து பட்டாலும் தாங்கும். ஆனால் அந்த இறுகிய தோல் இரு பக்கமும் கண்ணாடிப் பருமனில் ஐந்தில் ஒரு பங்குதான். 5 மி.மீ. கண்ணாடியில் ஏறக்குறைய 1 மி.மீ. கூரான ஒரு முனை அதைத் துளைத்து உள்ளே போய்விட்டால் அடக்கி வைத்திருந்த அழுத்தம் எல்லாம் ஒரே நொடியில் அவிழ்ந்துவிடும். காரின் முன்பக்கம் போடுவது லேமினேட்டட். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். கல் பட்டால் நட்சத்திரம் போல விரிசல் விழும், ஆனால் இடத்தை விட்டு நகராது. என் ஜன்னல் வளைவில்லாத தட்டைக் கண்ணாடி என்பதால் லேமினேட்டட்டை அளவுக்கு வெட்டி வாங்குவது சுலபமாக இருந்தது. பிப்ரவரி இரண்டாம் வாரம் மாட்டிவிட்டேன்.

அந்த ஜல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையைச் சுற்றி வீடு கட்டப் பயன்படும் கருங்கல் ஜல்லியில் பெரும்பகுதி சார்னோகைட் என்ற பாறை இனம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரான ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருக்கும் கல் இந்த இனம்தான். அது நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல். 1893இல் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தக் கல்லறையை வைத்தே பாறைக்குப் பெயர் சூட்டினார். நான் இருப்பது கீழ்க்கட்டளை. மொட்டை மாடியில் ஏறினால் பல்லாவரம் மலை தெரியும். உடைத்தால் கத்தி முனை போல விளிம்பு நிற்கும் கல் அது. என் கண்ணாடிக்கு வந்த பகை என் ஊர்க் கல் என்று தெரிந்த பிறகு அதை வீசியெறிய மனமில்லாமல் மேசை மேல் வைத்திருக்கிறேன்.

புதுக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கவசம் வேண்டும் என்று 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டை வாங்கி, அலுமினியச் சட்டத்தில் பத்து ஸ்குரூ போட்டு இறுக்கினேன். பார்க்கக் கண்ணாடி போலவே பளபளவென்று இருந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில், வண்டி வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தபோதே, மூன்று ஸ்குரூத் துளைகளிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது. ஒரு கல்கூடப் படவில்லை.

இரண்டு தவறு. இரும்புக்குப் போடும் டிரில் பிட்டாலேயே துளை போட்டிருந்தேன். துளையின் உள்விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பல் கடித்தது போலச் சின்னச் சின்னச் சில்லுகள் பெயர்ந்திருந்தன. விரிசல்கள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியிருந்தன. அடுத்தது விரிவு. இந்த வகைப் பிளாஸ்டிக் ஷீட் 1.2 மீட்டர் நீளம் என்றால், 40 டிகிரி சூடு ஏறும்போது ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். அலுமினியச் சட்டம் நீள்வதோ 1 மி.மீ. சொச்சம்தான். மீதிக்கு இடம் எங்கே? ஸ்குரூவில் மோதி, துளையைக் கிழித்துக்கொண்டுதான் அது இடம் தேடும்.

அதனால் அக்ரிலிக்கைவிட அடி தாங்கும் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டுக்குப் போனேன். மண்ணடியில் கேட்டதும் கார் ஷெட் கூரைக்குப் போடும் உள்ளே குழல் குழலாக இருக்கும் ஷீட்டைத்தான் எடுத்துக் காட்டினார்கள். அது கல்லுக்கு ஆகாது. மூன்றாவது கடையில் பெரியவர் ஒருவர், “கூரைக்கா சார், மெஷினுக்கா?” என்று கேட்டார். மெஷின்களுக்குத் தடுப்பாகப் போடும் கெட்டி ஷீட்தான் எனக்கு வேண்டியது என்பது அந்தக் கேள்வியில்தான் விளங்கியது. 4 மி.மீ. வாங்கினேன். சதுர மீட்டருக்கு 5 கிலோகூட வராது.

மாட்டுவதற்கு முன் சோதித்துவிட வேண்டும் என்று இருந்தேன். 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி அந்தரத்தில் கிடக்கும் 14 கிராம் கல்லில் மோதினால் மூன்றரை ஜூல் ஆற்றல். 200 கிராம் எடைக்கல்லை இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் ஏறக்குறைய 5 ஜூல். படிக்கட்டின் மேல்படியில் நின்று, கீழே இரண்டு செங்கல் மேல் வைத்த துண்டுகளின் மீது எடைக்கல்லைப் போட்டேன். மிச்சமிருந்த அக்ரிலிக் துண்டு முதல் அடியிலேயே நாலாகப் பிளந்தது. பாலிகார்பனேட் ‘தொம்’ என்று அதிர்ந்து எடைக்கல்லைத் தூக்கிப் போட்டது. ஆறு முறை போட்டேன். நகக்கண் அளவில் வெளிறிய தழும்புகள், வேறொன்றும் இல்லை. எடைக்கல் உருண்டை, ஜல்லி கூர் என்பதால், ஒரு சுத்தியலின் கூர்முனையாலும் ஓங்கித் தட்டிப் பார்த்தேன். பள்ளம் விழுந்தது, விரிசல் விழவில்லை.

இந்த முறை அவசரப்படவில்லை. 5 மி.மீ. ஸ்குரூவுக்கு 9 மி.மீ. துளை. பிளாஸ்டிக்குக்கு ஏற்றபடி முனை தீட்டிய பிட்டால், அடியில் மரக்கட்டை வைத்து மெதுவாகப் போட்டேன். அகலமான வாஷர், அதன் அடியில் வெயிலும் மழையும் தாங்கும் இ.பி.டி.எம். ரப்பர். சாதாரண பி.வி.சி. ரப்பர் கூடாது, அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை பாலிகார்பனேட்டைக் காலப்போக்கில் அரித்துவிடும். ஸ்குரூ கழலாமல் இருக்கப் போடும் திரவப் பசையும் ஆகாது. அது பட்ட இடத்தில் விரிசல் ஓடும். உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகக் கழலாத நைலாக் நட் போட்டேன். வெயில் தாங்கும் பூச்சு என் ஷீட்டில் ஒரு பக்கம்தான் உண்டு. எழுத்து அச்சடித்த மேலுறை எந்தப் பக்கமோ அது வெளியே இருக்க வேண்டும். உறையை உரித்துவிட்டால் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். உரிக்கும் முன்பே மூலையில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன்.

கண்ணாடிக்கும் கவசத்துக்கும் நடுவே ஓர் இஞ்ச் இடைவெளி, கீழ்ப்பக்கம் திறப்பு. மழைத் தண்ணீரும் மணலும் இறங்கிவிடும். மேல்விளிம்பில் முழு நீளத்துக்கும் ஸ்டெயின்லெஸ் பியானோ கீல், பக்கத்துக்கு இரண்டாக இழுத்துப் பூட்டும் கொக்கிகள். வண்டி நிற்கும்போது கவசத்தைத் தூக்கி இரண்டு கம்பிகளில் நிறுத்தினால் ஜன்னலுக்குச் சிறு தாழ்வாரம் கிடைத்துவிடுகிறது. மே மாத ராத்திரியில் கோவளத்தில் அதன் அடியில் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்த சுகத்துக்காகவே இத்தனையும் செய்யலாம். கொக்கிகளில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 80 கி.மீ. வேகத்தில் நேர்க்காற்று அந்தப் பரப்பில் இருபது கிலோவுக்கு மேல் அழுத்தும்.

இத்தோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். மே கடைசியில் காரைக் கழுவும்போது பின்கதவில் புதிதாக ஐந்தாறு இடத்தில் பெயிண்ட் தெறித்திருந்தது தெரிந்தது. ஸ்டெப்னி உறையிலும் கீறல். பின்கண்ணாடியில் கடுகளவு சில்லு. பின்னால் கேரவன் மறைத்துக்கொண்டு வரும்போது அங்கே கல் எப்படிப் பட்டது? யோசிக்க யோசிக்க ஒரே பதில்தான் வந்தது. கவசத்தில் பட்ட கல் திரும்பி வந்து காரை அடித்திருக்கிறது. கவசம் எவ்வளவு உறுதியோ அவ்வளவு வேகமாகத் திருப்பி அனுப்புகிறது.

புதுப்பேட்டையில் எனக்குப் பல வருடப் பழக்கமான வெல்டர் பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் வண்டியோடு போய்க் காட்டினேன். அவர் கவசத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பொலிரோவின் பின்டயர் பக்கம் குந்தி, ஸ்குரூ டிரைவரால் டயர்ப் பள்ளத்தில் நெம்பி, ஒரு ஜல்லியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு இன்னொன்று. அப்புறம் இன்னும் இரண்டு. “லாரிக்காரரைத் திட்டாதீர்கள் சார். அவர் போட்டதை உங்கள் கண்ணாடி மேல் எடுத்து அடிப்பது உங்கள் டயர்தான்” என்றார்.

அதை அளந்து பார்த்துவிட முடிவு செய்தேன். கேரவனின் முன்பக்கம் முழுவதும், கவசத்தின் மேலும் சேர்த்து, விளம்பரப் பலகைக்குப் பயன்படும் மென்மையான வெள்ளை சன்போர்டை ஒட்டினேன். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போய்வந்து, பட்ட ஒவ்வொரு தழும்பையும் ஸ்கெட்ச் பேனாவால் வட்டமிட்டு எண்ணினேன். 61. அதில் 43 கீழ்ப்பாதியில், காரின் இரண்டு பின்டயருக்கு நேர் பின்னால், இரண்டு குவியலாக. பலகையைப் பார்த்தாலே டயரின் நிழல் விழுந்தது போல இருந்தது. எதிரே வரும் டிப்பரிலிருந்து தெறித்தது என்றால் இப்படி இரண்டு குவியலாக விழாது.

பாய் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை வெட்டி, காரின் பின்டயர்களுக்குப் பின்னால் தொங்கும்படி, டயரைவிட அகலமான மட்ஃபிளாப் இரண்டு மாட்டிக் கொடுத்தார். தரையிலிருந்து நாலு இஞ்ச் உயரம். அதற்குக் கீழே இறக்கினால் நம் வேகத்தடைகளில் உரசிக் கிழிந்துவிடும். முதல் ஓட்டத்தில் ரப்பர் கருகும் வாசனை வந்தது. வலது ஃபிளாப்பின் ஓரம் சைலன்சருக்கு அருகில் இருந்தது. அந்த ஓரத்தைக் கையளவு வெட்டிவிட்டோம். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்த வேலை. புது சன்போர்டு, அதே சாலை, அதே வேகம்: 24 தழும்பு. நான் மூன்று மாதம் மெனக்கெட்ட கவசம் ஒரு கல்லைக்கூடக் குறைக்கவில்லை, வாங்கித்தான் கொண்டது. இந்த ரப்பர் பாதிக்கு மேல் குறைத்துவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் மட்ஃபிளாப்பில் தொடங்குங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலையில் கொக்கிக்குப் பின்னால் உள்ள முக்கோணச் சட்டத்தின் மேல் ஒரு வலை கட்டினேன். லாரிகளில் பாரம் மூடும் தடித்த நைலான் வலை, பைப் சட்டத்தில், கொஞ்சம் தொய்வாக. கம்பி வலை வேண்டாம் என்று தீர்மானித்ததற்குக் காரணம் அந்தப் பின்கதவுத் தழும்புகள். விறைப்பான எதுவும் கல்லைத் திருப்பி அடிக்கும், தொய்வான வலை கல்லின் வேகத்தை விழுங்கிக் கீழே போட்டுவிடும். சாய்வும் முக்கியம். முதலில் கார் முன்கண்ணாடி போலப் பின்னோக்கிச் சாய்த்திருந்தேன். கல் மேல்நோக்கி வழுக்கி நேராக ஜன்னலுக்கே போனது, சன்போர்டில் மேல்பாதித் தழும்பு கூடிவிட்டது. சட்டத்தைக் கழற்றி, மேல்விளிம்பு காரைப் பார்த்துக் குனிந்து நிற்கும்படி மாற்றினேன். வீட்டருகே காலி மனையில் வண்டியை முழு ஒடிப்பு ஒடித்து, பம்பரில் இடிக்கவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த வாலாஜாபாத் ஓட்டத்தில் 7 தழும்பு. காரின் பின்கதவில் புதிதாக ஒன்றும் இல்லை.

கவசத்தில் இப்போது மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. ஒரு நாள் அவசரத்தில் காய்ந்த துணியால் தூசியைத் துடைத்ததன் விளைவு அது, கல்லால் வந்ததில்லை. பாலிகார்பனேட்டின் மேல்பரப்பு கண்ணாடியைவிட மிகவும் மென்மை. நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, சோப்புத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் மட்டும்தான் இனி. தின்னர், பெட்ரோல் பக்கமே போவதில்லை.

இந்தச் சனிக்கிழமை புதுச்சேரி வரை போகிறோம். கிளம்பும் முன் பின்டயர்ப் பள்ளங்களில் ஸ்குரூ டிரைவரை ஓட்டி எடுத்ததில் இன்று மூன்று ஜல்லி கிடைத்தது. மேசை மேல் இருக்கும் அந்த 14 கிராம் கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.