அயர்லாந்துக் கல்யாணப் பேச்சுகளைப் படியெடுத்த அனுபவம்

1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய வழக்காறுகள், ஏறத்தாழ 7,40,000 பக்கங்களாக டப்ளினில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றை டூகஸ் இணையதளத்தில் படித்து, யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்து உதவலாம் என்று அறிந்ததும் பெயரைப் பதிவு செய்துகொண்டு, கல்யாண வழக்கங்கள் பற்றிய பக்கங்களையே தேடி எடுத்தேன்.

பதிவு செய்வது எளிது. கையெழுத்துதான் பொறுமையைக் கேட்கும். பிள்ளைகளின் பிழைகளைத் திருத்தக் கை துறுதுறுத்தாலும், எழுதியது எழுதியபடியே இருப்பதில்தான் அந்த ஏடுகளின் மதிப்பு இருக்கிறது. ஆங்கிலப் பக்கத்தின் நடுவே திடீரென்று ஐரிஷ் சொற்கள் பழைய வரிவடிவத்தில், மெய்யெழுத்தின் தலையில் புள்ளியோடு வந்து நிற்கும். தமிழ்க் கண்ணுக்குப் பழகிய அந்தப் புள்ளி, அங்கே மெய்யின் ஒலி மென்மையாவதைக் குறிக்கிறது. இன்றைய ஐரிஷில் அதற்குப் பதிலாக 'எச்' எழுதுகிறார்கள். ஏழு என்ற எண்ணைப் போன்ற ஒரு குறி, 'உம்' என்ற பொருளில் வருவதைப் புரிந்துகொள்ளவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

பழகிய பிறகு, செய்தி மனத்தைப் பிடித்துக்கொண்டது. தரகர் முன்னிலையில், பெரும்பாலும் சந்தை நாளில், மதுக்கடையில் பேச்சு தொடங்கும். பெண்வீட்டார் மாப்பிள்ளையின் நிலத்தை நடந்து பார்த்து, மாடுகளை எண்ணி, அதன் பிறகே சீதனத் தொகையைப் பேசுவார்கள். 1840களில் அயர்லாந்தை வாட்டிய பெரும்பஞ்சத்துக்குப் பின் நிலத்தைக் கூறுபோடாமல் மகன்களில் ஒருவனுக்கே விடும் வழக்கம் வலுத்ததால், மருமகள் கொண்டுவந்த பணம் பல வீடுகளில் நாத்தனாரின் சீதனமாகவோ அமெரிக்கக் கப்பல் கட்டணமாகவோ கைமாறியது. இத்தனை கணக்குகளுக்கும் நடுவில் பெண்ணின் விருப்பத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன்; நான் படியெடுத்த பக்கங்களில் அதற்கு ஒரு வரி கிடைப்பதே அரிதாக இருந்தது. அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது.

இதே வேலையில் இறங்க விரும்புவோர், கல்யாணம் என்ற தலைப்போடு நின்றுவிட வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் திருமணம் நடத்தும் வழக்கம் இல்லாததால், அதற்கு முந்தைய வாரங்களிலேயே கிராமக் கல்யாணங்கள் குவிந்தன. அந்தக் கெடு தாண்டியும் மணமாகாதவர்களின் முதுகில், தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று பிள்ளைகள் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்த செய்திகள் பண்டிகைகள் பற்றிய கட்டுரைகளுக்குள்தான் அதிகம் கிடக்கின்றன.